மாரியாயி என்று நான் வைத்த பெயர்

பதுளையில் மறுபடியும் ஒரு பயிற்சி தொடங்கப் போகிறது என்று கேள்விப்பட்டேன். மறுபடியும் வெளிநாட்டு நிதி, மறுபடியும் ஹோட்டல் மண்டபம், மறுபடியும் கழுத்தில் தொங்கும் பெயர் அட்டை. சந்தோஷம்தான். நான் கிண்டல் செய்வதாக நினைத்துவிடாதீர்கள். பயிற்சி முடிந்த பிறகும் அந்த அட்டையைக் கழற்ற மனமில்லாமல் பஸ்ஸில் மாட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தவன் நான்.

புலனாய்வுச் செய்தி எழுதப் பழகப்போகும் உங்களுக்காக என் அனுபவத்தில் இருந்து நாலு வார்த்தை எழுதித் தரும்படி ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். "கொஞ்சம் உற்சாகமாக இருக்கட்டும், ஐயா" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். முயன்று பார்த்தேன், வரவில்லை. வந்ததை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கைநூலில் இருந்து கிழித்துவிடலாம். எனக்குக் கோபம் வரும்தான், ஆனால் அதைக் காட்ட இப்போது தெம்பு இல்லை.

நான் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவன். அப்பா, அம்மா இரண்டு பேரும் தோட்டத்து வேலை. ஏதோ படித்து, எப்படியோ பதுளை டவுனுக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கொமியுனிகேஷன் கடை போட்டேன். போன் பேச, தொலைநகல் அனுப்ப, போட்டோ கொப்பி எடுக்க ஆட்கள் வருவார்கள். அந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டே கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குப் பதுளை நிருபராகவும் இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிடித்த பேனாவை, கண் மங்கத் தொடங்கிய பிறகுதான் கீழே வைத்தேன்.

நிருபர் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள். பத்திரிகைக் கந்தோரில் எனக்கு மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. ஊவா மாகாணம் முழுவதும் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதியவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம். ஏற்றினாலும் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டோம், ஆளுக்கொரு பத்திரிகை. போர்க்காலம் வேறு. தோளில் கமெராவோடு வரும் தமிழனுக்குச் சோதனைச் சாவடியில் கிடைத்த மரியாதையை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. செய்தியைத் தொலைநகலில் அனுப்பிவிட்டு, வருமா வராதா என்று மறுநாள் பேப்பர் வரும்வரை காத்திருப்பேன். வந்தால் வாசித்துக் காட்டவும் ஆள் கிடையாது. கல்யாணம் கட்டாதவன். அது பழகிப்போய்விட்டது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். பழகவில்லை.

தொடக்க காலத்தில் ஒரு முறை, பெரகலச் சந்திக்குக் கீழே ஒரு பஸ் குடைசாய்ந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு பட்டியல் வைத்திருந்தார்கள், செத்தவர்கள் ஒன்று, காயப்பட்டவர்கள் ஒன்று. அவசரத்தில் காயப்பட்டவர் ஒருவரைச் செத்தவர்களோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் தலையில் கட்டுப்போட்ட ஒரு மனிதர் என் கடை வாசலில் வந்து நின்றார். "தம்பி, நான் செத்துட்டேன்னு போட்டுட்டீங்களே. எங்க மாமியா தவிர எல்லாரும் அழுதுட்டாங்க" என்றார். அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, அங்கேயே வைத்துக் கொழும்புக்குத் திருத்தம் அனுப்பினேன். மறுநாளே வந்தது. அவர் அதை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி என்று எல்லோருக்கும் காட்டித் திரிந்தார். பிழை விட்டால் இப்படித்தான் சரியாகும் என்று நான் அன்று நினைத்துக்கொண்டேன்.

போர்நிறுத்தம் வந்த காலத்தில் நாட்டுக்குள் வெளிநாட்டு நிதி வந்தது. அதில் ஒரு துண்டு எங்கள் பக்கமும் வந்தது. மாகாண நிருபர்களுக்குப் புலனாய்வுப் பயிற்சி. கொழும்பில் இருந்து ஒரு திட்டக் காரியாலயம் நடத்தியது. எங்களுக்குச் சின்ன ரெக்கோடர் ஒன்று, கமெரா ஒன்று, பயணச் செலவு. எல்லாவற்றையும் விட, கடையைப் பூட்டிவிட்டு ஒரு விஷயத்தின் பின்னால் நாட்கணக்கில் அலைய அவகாசம் கொடுத்தார்கள். அதுவரை எனக்கு அது கிடைத்ததே இல்லை. நிதியைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் அந்த அவகாசத்துக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

எனக்கு வழிகாட்டியாக வந்தவர் யாழ்ப்பாணத்தவர். கொழும்பில் பல வருடம் செய்தி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். பெயர் சொல்லமாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. என் பழைய செய்திகளை எல்லாம் ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஒரு மணி நேரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இதெல்லாம் செய்தி இல்லை, முறைப்பாடு. ஆர் பாத்தது? எப்ப பாத்தது? நீர் பாத்தனீரோ?"

"இல்லீங்க சேர். ஆளுங்க சொன்னாங்க."

"சொன்னவை சொன்னதை நீர் போய்ப் பாரும். பாத்த பிறகு எழுதும்."

மண்டையில் குட்டு வைத்ததுபோல இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அன்று இரண்டு பஸ் மாறி வீடு வரும்வரை எனக்குச் சிரிப்பாகவே இருந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு ஒருவர் நான் எழுதியதை உட்கார்ந்து வாசித்திருக்கிறார். அதன் பிறகு எல்லாவற்றுக்கும் அவருக்குப் போன் பண்ணத் தொடங்கினேன். சில நேரம் கேட்க ஒன்றும் இல்லாமலும் பண்ணினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தோட்டம். எந்தத் திசையில் என்றுகூடச் சொல்லமாட்டேன். அந்தத் தோட்டத்து அக்கா ஒருவர் லுணுகலையில் இருக்கும் தன் தம்பியோடு பேச மாதம் ஒரு முறை என் கடைக்கு வருவார். அவருடைய வீட்டுக்காரர் தேயிலை மலையில் புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. ஒரு நாள் போன் பேசி முடித்தவர், போகாமல் நின்றார்.

"தம்பி, நீங்க பேப்பருக்கு எழுதுறவரு தானே? எங்க வீட்டுக்காரருக்கு கைநகம் எல்லாம் கழண்டு விழுகுதுங்க. முதுகுல தூக்குற டேங்கி ஒழுகி முதுகு வெந்து கெடக்கு. கையொறை குடுங்கன்னு கேட்டா இல்லைன்றாங்க. ஆனா தேயில வாங்குற கம்பெனி வெள்ளைக்காரங்க பாக்க வர்ற அன்னைக்கு மட்டும் எல்லாம் புதுசா வருது. கையொறை, பூட்ஸு, மூஞ்சிக்கு கட்டுறது. அவுங்க கார் போனதும் அன்னைக்கு சாயங்காலமே சாக்கு எடுத்துட்டு வந்து திருப்பி வாங்கிக்கிறாங்க."

அடுத்த முறை வெள்ளைக்காரர்கள் வரும் நாளையும் அவரே விசாரித்துச் சொன்னார். போகும்போது வாசலில் திரும்பி நின்று, "எம் பேரு மட்டும் வந்துறக் கூடாது தம்பி. வேல போனா காம்பராவும் போயிரும். புள்ளைங்கள நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?" என்றார். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: லயத்துக் காம்பரா, அதாவது குடியிருக்கும் அறை, தோட்டத்துடையது. வேலை இருக்கும்வரைதான் அதற்குள் அடுப்பு எரியும்.

வழிகாட்டி சொன்னபடி நானே போய்ப் பார்த்தேன். எதிர்மலையில் சவுக்கு மரங்களுக்குள் மூன்று நாள் இருந்தேன். முதல் நாள் வெறுங்கையோடு மருந்தடித்தார்கள். இரண்டாம் நாள், வெள்ளைக்காரர்கள் வந்தபோது, தலை முதல் கால்வரை மூடிக்கொண்டு அடித்தார்கள். அன்று மாலையே ஒரு கணக்கப்பிள்ளை சாக்கை விரித்துப் பிடிக்க, ஆட்கள் வரிசையாக வந்து கையுறையைக் கழற்றிப் போட்டார்கள். மூன்றாம் நாள் மறுபடி வெறுங்கை. எல்லாம் படமாக என் கையில் இருந்தது.

வழிகாட்டிக்குப் போனில் சொன்னேன். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் கேட்டதில்லை.

"படம் இருக்கெல்லோ, அது காணும், வேறொண்டும் தேவையில்லை. அந்த மனிசியை இதுக்குள்ள இழுக்கவேண்டாம்."

"அவங்க பேசினத போட்டா நல்லா இருக்கும் சேர். பேர மாத்திப் போடலாம்."

"போடத்தான் வேணுமெண்டால், பெயர் மாத்தினது எண்டு ஒரு வரி எழுதும். மறக்காதையும்."

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு காலம் என்னை நானே திட்டிக்கொண்டிருக்க மாட்டேன். எழுதினேன், பிறகு வெட்டினேன். பயிற்சிக்கு வந்தவர்களில் சிறந்த கட்டுரைக்குப் பரிசு உண்டு என்று அறிவித்திருந்தார்கள். பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று போட்டால் ஆளே கற்பனை என்று நினைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பட்டது. அக்கா சொன்னதை முதல் பந்தியில் வைத்து, மருந்தடிக்கிறவர் ஒருவரின் மனைவி மாரியாயி என்று எழுதினேன். கொழும்பு வாசகருக்குத் தோட்டத்து வாசம் வீசட்டும் என்று தேடிப் பிடித்த பெயர் அது. மண்டைக்கனம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

நான் ஒன்றும் பொறுப்பில்லாமல் வைக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்து ஆட்கள் கடைக்கு வரும்போது பேச்சோடு பேச்சாக, மாரியாயி என்று அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். அப்படி யாருமே இல்லை என்று சிரித்தார்கள். நானும் நம்பினேன். லயத்தில் பிறந்த நான் இதை நம்பியதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எங்கள் ஆட்களுக்கு எப்போதும் இரண்டு பெயர். பிறப்புப் பத்திரத்தில் குலசாமியின் பெயர், வாயில் சினிமாக்காரியின் பெயர். லயத்தில் இருப்பவர்களுக்கு வாயில் உள்ள பெயர்தான் தெரியும். பத்திரத்துப் பெயர் தோட்டத்துக் கந்தோரில், செக்ரோல் என்ற பெரிய பதிவுப் புத்தகத்தில் மட்டும் கிடக்கும். எனக்கே இரண்டு பெயர் இருக்கிறது, எனக்குத் தெரியாதா?

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். மாரியாயி, இனிமேல் வரப்போகும் கமலா, இரண்டும் இந்தக் கட்டுரைக்காக நான் மாற்றிய பெயர்கள். இந்த முறை மாற்றினேன் என்றும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுரையின் முதல் பகுதி அரைப் பக்கத்துக்கு வந்தது. படங்களோடு, என் பெயரோடு. கால் தரையில் பாவவில்லை. நானே நாலு பிரதி வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து அரை மணி நேரம் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் பேப்பரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். விரல் நுனியெல்லாம் வெந்து கறுத்திருந்தது. மருந்தடிக்கிறவர் என்று உடனே தெரிந்தது.

"யாருங்க மாரியாயி?" என்று கேட்டார்.

நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன், அவர் உட்காரவில்லை.

"என் பொண்டாட்டிங்க அது. எல்லாரும் கமலான்னுதான் கூப்புடுவோம். ஆபிஸ்ல மாரியாயின்னு இருக்கு. நேத்து பெரட்டுல அவ பேர கூப்புடல. கேட்டதுக்கு, பேப்பர்ல பேசினியே, அங்கேயே போய் வேல கேளுன்னுட்டாங்க. அவ அழுவுறா. உங்க மூஞ்சியவே பாத்ததில்லன்றா. சத்தியமா சொல்லுங்க, அவ பேசினாளா?"

"இல்லீங்க. அவங்க பேசல."

"அப்ப யாரு?"

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. பெயர் கூப்பிடாவிட்டால் அன்று வேலை இல்லை. மறுநாளும் கூப்பிடாவிட்டால் மறுநாளும் இல்லை.

"யாருன்னு சொல்ல வேணாம், விடுங்க" என்றார் அவர். "அவ இல்லைன்னு ஒரு கடுதாசி மட்டும் எழுதிக் குடுங்க. நான் தொரைகிட்ட காட்டுறேன்."

அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்கள் பயிற்சியில் குழுக்குழுவாகப் பிரித்துக் கேட்பார்கள். நான் அங்கே தனியாக நின்றேன். மருந்தடிக்கிறவர்கள் மொத்தமே ஏழெட்டுப் பேர். கமலா இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால், தோட்ட மேலாளரான துரை மற்ற ஆறேழு பேரின் மனைவிமாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பார். அக்கா அகப்பட எவ்வளவு நேரமாகும்? கடிதம் கொடுக்காவிட்டால், ஒரு பாவமும் அறியாத பெண்ணின் வேலை போகும். கொழும்பில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. இப்படித்தான் நடக்கும் என்று தெரிந்தவர் பார்வை.

உடனே வழிகாட்டிக்குப் போன் போட்டேன். அவர் வீட்டு போன் அடித்துக்கொண்டே இருந்தது. திட்டக் காரியாலயத்துக்குப் போட்டேன். ஒரு பெண்பிள்ளை எடுத்தாள். திட்டத்தின் இந்தக் கட்டம் போன மாதத்தோடு முடிந்துவிட்டது, சேர் மகளைப் பார்க்க வெளிநாடு போய்விட்டார், நிறைவு அறிக்கைக்கு உங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று வேண்டும், அனுப்ப முடியுமா என்று கேட்டாள். மரியாதையான பிள்ளை. அவள் மேல் பிழை இல்லை.

கடைசியாகப் பத்திரிகை ஆசிரியருக்கு எடுத்தேன். மாரியாயி என்பது மாற்றிய பெயர், அந்தப் பெயருள்ள யாரும் எங்களோடு பேசவில்லை என்று நாளைக்கே போடும்படி கேட்டேன்.

"நாளைக்கே போட்டால், பெயரே பொய், செய்தியும் பொய் என்று தோட்டத்துக்காரர்களின் வக்கீல் வந்து நிற்பான். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பகுதி போடுவோம் இல்லையா, அதற்குக் கீழே சேர்த்துவிடலாம். அதுவரை வாயைத் திறக்காதேயும்" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதைவிட, எனக்கு அது வசதியாக இருந்தது. ஒரு பெரிய மனிதர் சொல்லிவிட்டார், இனி என் கையில் இல்லை என்று மனது லேசானது. பெரகலயில் செத்தவரை மறுநாளே உயிரோடு எழுப்பியவன், இப்போது ஐந்து நாள் பொறுக்கலாம் என்று தலையாட்டினேன். இளையவர்களே, உங்களைவிடப் பெரியவர் ஒருவர் சொல்லும் முடிவு உங்களுக்கு உடனே நிம்மதியைத் தந்தால், கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

புதன்கிழமை மத்தியானம் அக்கா வந்தார். போன் பேச வந்த இரண்டு பேர் போகும்வரை ஓரத்தில் நின்றார். பிறகு போன் கூண்டுக்குள் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாரியாயின்னு போட்டது நீங்கதான?"

"ஆமாக்கா. உங்க பேரு வரக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல..."

"எம் பேரு வரல. அடுத்தவ பேரு வந்துருச்சு."

"தெரியாம போச்சுக்கா. ஞாயித்துக்கெழம திருத்தம் போடுறாங்க. அதுவரைக்கும் பொறுத்துக்கங்க."

"அந்தப் புள்ள மூணு நாளா பெரட்டுக்கு வந்து நிக்குது தம்பி. கூடைய மாட்டிக்கிட்டு, தலையில கொங்காணிய போட்டுக்கிட்டு, இன்னைக்காச்சும் பேர கூப்புடுவாங்கன்னு நிக்குது. மலைக்குப் போறவங்க எல்லாம் அது மூஞ்சிய பாத்துட்டுப் போறாங்க. நானும் பாத்துட்டுத்தான் போறேன்."

நான் என்னென்னவோ சொன்னேன். தொழிற்சங்கத்தில் பேசலாம் என்றேன். வக்கீல் ஒருவரைத் தெரியும் என்றேன். அவர் காது கொடுக்கவில்லை.

"நாளைக்கு பெரட்டு முடிஞ்சதும் நானே போய் தொரைகிட்ட சொல்லிர்றேன். பேசினது நாந்தான்னு. எனக்கு இந்தச் சோறு எறங்கல தம்பி."

"காம்பரா போயிரும்க்கா."

"தெரியும்."

"அப்ப நானும் கூட வர்றேன். தப்பு என் மேலதான். நானே தொரைகிட்ட சொல்றேன்."

"நீங்க வராதீங்க தம்பி. நீங்க வந்தா பேப்பர்காரன் சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்தான்னு ஆயிரும். நான் போயிக்கிறேன்" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. அவர் வாசலைத் தாண்டியதும் ஒரு பெருமூச்சு விட்டேன். அது கவலைப் பெருமூச்சு அல்ல. தப்பித்தேன் என்ற பெருமூச்சு. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கடையைத் திறந்தேன். பாடசாலை வினாத்தாள் ஒரு கட்டு போட்டோ கொப்பிக்கு வந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தேன். பெரட்டு முடிந்திருக்கும், இப்போது கந்தோருக்குப் போயிருப்பார், இப்போது துரை வந்திருப்பார் என்று மனது மட்டும் அங்கே நடந்துகொண்டிருந்தது. பத்து மணிக்குப் பக்கத்துக் கடைக்காரர் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார், போய்க் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை கமலாவின் பெயரைப் பெரட்டில் கூப்பிட்டார்கள் என்று கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அக்காவை நேரடியாக நிறுத்தவில்லை. அப்படிச் செய்தால் பேப்பரில் வரும் என்று துரைக்கு இப்போது பயம் வந்திருந்தது. தூரத்து டிவிஷனுக்கு மாற்றினார்கள். பிறகு இன்றைக்கு மழை, நாளைக்குக் கொழுந்து இல்லை என்று வேலை நாட்களைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். நாலைந்து மாதத்தில் அவர்களாகவே பெயரை வெட்டிக்கொண்டு, காம்பராவை விட்டு, லுணுகலையில் இருந்த தம்பியிடம் போய்விட்டார்கள். அவர் அதற்குப் பிறகு என் கடைக்கு வந்து போன் பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

திருத்தம் சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆனால் இரண்டாம் பகுதிக்குக் கீழே அல்ல, மரண அறிவித்தல்களுக்குக் கீழே, மூன்று வரி. அப்போது அது யாருக்கும் தேவைப்படவில்லை. பரிசு எனக்குத்தான் கிடைத்தது. திட்டத்தின் நிறைவுப் புத்தகத்தில் என் கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, வெற்றிக்கு ஓர் உதாரணம் என்று போட்டிருந்தார்கள். அதிலும் மாரியாயி அப்படியே இருந்தாள், திருத்தம் இல்லை.

கையுறை கொடுத்தார்கள். மாலையில் திருப்பி வாங்கவும் இல்லை. அது உண்மை, அதையும் சொல்லவேண்டும். ஆனால் அதன் பிறகு அந்தத் தோட்டத்தில் ஒருவர்கூட என்னோடு வாய் திறக்கவில்லை. போனால் வாங்க என்பார்கள், உட்காரச் சொல்வார்கள், தேத்தண்ணி தருவார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள். என் சொந்த லயத்திலும் அப்படித்தான் ஆனது. அம்மாவின் கருமாதிக்குப் போயிருந்தபோது, பேசிக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. கதவுகள் எல்லாம் திறந்திருக்க, நான் மட்டும் வெளியே நின்ற காலம் அது.

உங்களுக்கு நிதி தருகிறவர்கள் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். கேட்கிறபோது ரெக்கோடரையும் கமெராவையும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். இப்போது அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. கட்டுரை வந்த பிறகும், திட்டம் முடிந்த பிறகும், கூப்பிட்டால் எடுக்கிற ஓர் ஆளைக் கேளுங்கள். கட்டுரை வருவதற்கு முன்னால் எனக்கு எல்லா உதவியும் இருந்தது. வந்ததற்கு மறுநாள் ஒன்றுமே இருக்கவில்லை. நம் வேலையின் கஷ்டமெல்லாம் அந்த மறுநாளில்தான் தொடங்குகிறது. ஆனால் ஆள் கிடைத்திருந்தால் நான் சரியாக நடந்திருப்பேனா என்று கேட்டால், தெரியாது. வியாழக்கிழமை என்ன செய்யவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

மூன்று வருடம் லுணுகலைப் பக்கமே நான் போகவில்லை. செய்தி இருந்தால்கூடப் போனில் கேட்டு எழுதினேன். பிறகு ஒரு நாள், போகாமல் இருக்க முடியாத ஒரு வேலை வந்தது. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது, சந்தைக்கு வந்த அக்கா என்னைக் கண்டுவிட்டார். பிடிவாதமாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தம்பி வீட்டோடு ஒட்டி இறக்கிய ஒரு தகரக் கூரை. வீட்டுக்காரருக்கு நகம் மறுபடி முளைத்திருந்தது, அதை அவர் எனக்குச் சிரித்துக்கொண்டே காட்டினார். கமலா ஒரு முறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்ததாகச் சொன்னார்கள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். பெயர் மாற்றியதை எழுதாமல் விட்டதற்கு, ஞாயிறுவரை காத்திருந்ததற்கு, எல்லாவற்றுக்கும். அக்கா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் போகட்டும் தம்பி. எழுதுறவங்களுக்கு பெசகுறதுதான். அன்னைக்கு தொரை என்னைய உள்ளுக்கு கூப்புடல. பத்து மணி வரைக்கும் ஆபிஸ் வாசல்லயே நிக்க வெச்சுட்டாரு. போறவங்க வர்றவங்க எல்லாம் பாத்தாங்க. நான் கீழ ரோட்டையே பாத்துட்டு நின்னேன்."

"எதுக்குக்கா?"

"ஒவ்வொரு பஸ்ஸா வருதுல்ல. எதுலயாச்சும் நீங்க எறங்குவீங்கன்னுதான்."

"நீங்கதானேக்கா வராதீங்கன்னு சொன்னீங்க?"

"சொன்னேந்தான்." முறத்தைக் கீழே வைத்தார். "சொன்னா நெசமாவே வராம இருந்துருவீங்கன்னு நான் நெனைக்கல தம்பி."

அன்று காலை பத்து மணிக்குள் பதுளையில் இருந்து அந்தத் தோட்டத்துக்கு மூன்று பஸ் போயிருந்தன. மூன்றும் என் கடை வாசலைத் தாண்டித்தான் போயின.